பச்சைக் கண்ணாடிச் சில்லுகள்

வேலையில் இருந்தபோது, புதைத்த பிரேதத்தைத் தோண்டி எடுக்கப் போனால் நான் கொண்டுபோன பாட்டில்களில் பாதி மண்ணுக்கானவை. உடம்புக்கு மேலிருந்து ஒரு பிடி, கீழிருந்து ஒரு பிடி, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பிடி. அப்புறம் கொஞ்சம் தள்ளி, யாரையும் புதைக்காத இடத்திலிருந்து ஒரு பிடி. விஷம் வைத்துக் கொன்றதாகப் புகார் என்றால், ஆர்சனிக் உடம்பில் இருந்ததா, மண்ணிலிருந்து ஊறி வந்ததா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கேட்பார். அதற்குப் பதில் அந்தத் தள்ளி எடுத்த மண்ணில்தான் இருக்கிறது. நாற்றம் தாங்காமல் யாராவது பினாயில் பாட்டிலைத் திறந்தால் கத்திவிடுவேன். பிரேதத்தின் மேல் கிருமிநாசினி ஒரு சொட்டு விழுந்தாலும், அப்புறம் ஆய்வகத்தில் வருவது எதன் மிச்சம் என்று யார் சத்தியம் செய்வது? தாசில்தாரும் வி.ஏ.ஓ.வும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நிற்பார்கள். நான் குழிக்குள் உட்கார்ந்து லேபிள் எழுதிக்கொண்டிருப்பேன்.

அரசு மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். ஆகவே சந்தேகப்படுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கூண்டில் ஏற்றி நிறுத்தி, 'டாக்டர், இந்தக் காயம் கீழே விழுந்ததாலும் வந்திருக்கலாம் அல்லவா?' என்று கேட்கிற வக்கீல்களிடம் நான் கற்றது அதிகம். வரலாம் என்றால் வரலாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு காயத்தை மட்டும் தனியே காட்டிக் கேட்டால், எதற்கும் வேறொரு காரணம் சொல்லிவிட முடியும். எல்லாக் காயத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் வக்கீலுக்குக் கஷ்டம்.

என் தங்கை மகன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். கெட்டிக்காரன். ஒரு கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது போனை நீட்டினான்.

"மாமா, ஸ்ரெப்ரெனிட்சான்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? எட்டாயிரம் பேரைக் கொன்னாங்கன்னு உலகமே சொல்லுது. சண்டையில செத்தவங்களை எல்லாம் சேர்த்துக் கணக்குக் காட்டிட்டாங்களாம். இந்த ஆள் அக்குவேறா ஆணிவேறா பிரிச்சிருக்கார் பாருங்க."

அவனுக்கு போஸ்னியாவில் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஊரே நம்புவதை நான் நம்பமாட்டேன் என்கிற பெருமை, அவ்வளவுதான். அந்தப் பெருமை எனக்கும் ஒரு வயதில் இருந்தது. அவன் தெரியாமல் சரியான ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டான். ஓய்வுக்குப் பிறகு நான் அதிகமாகப் படித்தது, ஹேக் நகரில் இருந்த யூகோஸ்லாவியப் போர்க்குற்றத் தீர்ப்பாயத்தின் ஆவணங்களைத்தான். சாட்சியம், குறுக்கு விசாரணை, தீர்ப்பு எல்லாம் பொதுவில் கிடக்கிறது. எங்கள் தொழிலுக்கு அதைவிடப் பெரிய பாடப்புத்தகம் கிடையாது.

நடந்தது இது. கிழக்கு போஸ்னியாவில் மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூர் ஸ்ரெப்ரெனிட்சா. 1993 ஏப்ரலில் ஐ.நா. அதைப் 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்தது. சுற்றுவட்டார முஸ்லிம் குடும்பங்கள் அங்கே அடைந்து கிடந்தன. 1995 ஜூலை 11 அன்று ராத்கோ ம்லாடிச்சின் போஸ்னிய செர்பியப் படை ஊரைப் பிடித்தது. பக்கத்து ஊரான பொட்டோச்சாரியில் டச்சு அமைதிப் படையின் முகாம் இருந்தது. அங்கே தஞ்சம் புகுந்தவர்களில் பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும், சுமார் 25,000 பேரை, பஸ்ஸில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். ஆண்களைத் தனியே பிரித்தார்கள். அதற்கு முன்பே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் காட்டு வழியாக துஸ்லா நகரத்தை நோக்கி வரிசையாக நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் பல ஆயிரம் பேர் வழியிலேயே பிடிபட்டார்கள். அடுத்த சில நாட்களில் கிடங்குகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அடைத்து வைத்து, வயல்வெளிகளிலும் ஆற்றங்கரையிலும் அணைக்கட்டிலும் சுட்டுத் தள்ளினார்கள்.

"அதுதான் மாமா. அந்த வரிசையில ஆயுதம் வெச்சிருந்தவங்களும் இருந்தாங்களே. சண்டையில செத்திருப்பாங்க."

இருந்தார்கள். வரிசையில் போனவர்களில் சிலர் சண்டையிலும் கண்ணிவெடியிலும் செத்தார்கள் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சண்டை போடுகிறவன் தன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கம்பியால் கட்டிக்கொண்டா சண்டை போடுவான்?

செர்ஸ்கா பள்ளத்தாக்கில் சாலை ஓரத்தில் ஒரு குழி. 1996-இல் அதைத் தோண்டினார்கள். 150 ஆண்களின் உடல்கள். 149 பேர் குண்டுக் காயத்தால் இறந்தவர்கள், 147 பேர் சாதாரண உடுப்பில் இருந்தவர்கள். 48 கம்பிக் கட்டுகள் கிடைத்தன. அவற்றில் ஏறத்தாழப் பாதி அப்போதும் கைகளைப் பின்பக்கமாகப் பிணைத்தபடியே இருந்தன. சாலையின் ஒரு விளிம்பில் அவர்களை நிறுத்தி எதிர் விளிம்பில் நின்று சுட்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்து மண்ணையே வாரி மூடியிருக்கிறார்கள். போஸ்னிய செர்பிய ஜெனரல் கிர்ஸ்டிச் மீதான வழக்கில் 2001 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு எல்லாக் குழிகளையும் கூட்டிச் சொல்கிறது: 10 இடங்களில் குறைந்தது 448 கண்கட்டுத் துணிகள், 13 இடங்களில் குறைந்தது 423 கைக்கட்டுகள்.

கண்கட்டு அழுகிவிடக்கூடியது, கயிறு நழுவிவிடும். அவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சியவைதான் இவை. பிரேதப் பரிசோதனை மேஜையில், மண்டை ஓட்டைச் சுற்றித் துணி முடிச்சோடு இருந்து, அந்தத் துணியிலும் எலும்பிலும் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால், மூன்றாம் வருஷ மாணவன்கூட வரிசையைச் சொல்லிவிடுவான். முதலில் கட்டு, அப்புறம் குண்டு.

அடுத்தது கடிகாரம். நம் வீடுகளில் சிங்கப்பூரிலிருந்து யாராவது வாங்கி வந்த பழைய சீக்கோ இருக்குமே, கையசைவிலேயே சாவி ஏறுகிற ஜாதி, கிழமையும் தேதியும் காட்டும். போஸ்னியாவிலும் அது பிரபலம். கை அசைவது நின்றால் ஓரிரு நாளில் கடிகாரமும் நின்றுவிடும். குழிகளில் எலும்போடு கிடைத்த அத்தகைய கடிகாரங்கள் காட்டிய கிழமையும் தேதியும் 1995 ஜூலை நடுவோடு ஒத்துப்போயின. 'இது பழைய சண்டையில் செத்தவர்களின் குழி' என்று சொல்கிறவர்கள் கடிகாரத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மறுப்பவர்கள் நீண்ட நாள் நம்பி நின்ற வாதம் ஒன்று உண்டு. 'எட்டாயிரம் என்கிறீர்களே, உடல் எங்கே?' தோண்டத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் இது பலமான கேள்விதான். பிரான்யேவோ ராணுவப் பண்ணையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சுட்ட அணியில் இருந்தவர் டிராஜென் எர்டெமோவிச். பஸ் பஸ்ஸாக வந்தவர்களை 1995 ஜூலை 16 அன்று நாள் முழுக்கச் சுட்டதாகவும், சுமார் 1,200 பேர் இருக்கும் என்றும் அவரே ஹேக்கில் வாக்குமூலம் கொடுத்தார். மறுநாள் அமெரிக்கா வானிலிருந்து எடுத்த படத்தில் வயலில் உடல்கள் கிடப்பதும், அவற்றை வாரிய இயந்திரத்தின் தடமும் தெரிந்தன. ஆனால் குழியைத் தோண்டியபோது கிடைத்தவை இருநூறுகூட இல்லை. மற்றவை எங்கே போயின?

அந்த ஆகஸ்ட் 10 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்கத் தூதர் மேடலின் ஆல்பிரைட் வான்படங்களைக் காட்டினார். குழிகள் வெளியே தெரிந்துவிட்டன. செப்டம்பர் 14 தேதியிட்டு, 'பொறியியல் வேலைக்காக' 5 டன் டீசல் ஒதுக்கச் சொல்லி போஸ்னிய செர்பிய ராணுவத் தலைமையகத்திலிருந்து ஓர் உத்தரவு போகிறது. செப்டம்பர் முதல் நவம்பர் தொடக்கம் வரை இரவு நேரத்தில் இயந்திரங்கள் வந்து குழிகளைத் திரும்பத் தோண்டின. அழுகிக்கொண்டிருந்த உடல்களை லாரியில் அள்ளிக்கொண்டுபோய், மலைப்பக்கத்து மண்சாலைகளின் ஓரத்தில் வேறு குழிகளில் கொட்டி மூடின. சான்சாரி என்ற ஒரே சாலையில் மட்டும் இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட குழிகள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள். என் தொழில் அனுபவத்தில், மறைக்கப் போகிறவன்தான் வழக்கை முடித்துக்கொடுப்பான். இயந்திரக் கை உடலை மட்டும் அள்ளாது. சுற்றியுள்ள மண், செடி, தோட்டா உறை, குப்பை எல்லாம் கூடவே போகும்.

கோஸ்லுக் என்ற ஊரில், ட்ரினா ஆற்றங்கரையில், ஒரு பாட்டில் நிரப்பும் தொழிற்சாலை தன் உடைசல்களைக் கொட்டிவந்த இடம் இருந்தது. பச்சைக் கண்ணாடிச் சில்லு, பாட்டிலில் ஒட்டும் லேபிள், மலைபோலக் குவிந்திருக்கும். அந்தக் குப்பையின் மேலேயே ஆண்களை நிறுத்திச் சுட்டிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் பிறகு சான்சாரி சாலையின் மூன்றாவது குழியைத் திறந்தபோது, எலும்புகளுக்கு நடுவே அதே பச்சைச் சில்லுகள், அதே லேபிள்கள். மலைச்சாலையோரம், வயலுக்குப் பக்கத்தில், பாட்டில் தொழிற்சாலைக் கழிவு எப்படி வந்தது? நடந்தா வந்தது?

ஆஸ்திரேலியத் தொல்லியல் பேராசிரியர் ரிச்சர்ட் ரைட்டின் தலைமையில் இந்தக் குழிகளைத் தோண்டியவர்கள் மண்வெட்டியோடு கரண்டியும் தூரிகையும் வைத்து வேலை செய்தார்கள். குழியின் தரையில் இயந்திரப் பற்களின் வடு பதிந்திருப்பதைக்கூட வெளியே கொண்டுவந்தார்கள். மண் வகையும் மகரந்தத் துகளும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. முதல் குழியில் கிடந்த தோட்டா உறையையும் இரண்டாம் குழியில் கிடந்ததையும் நுண்ணோக்கியில் வைத்து, ஒரே துப்பாக்கி கக்கியவை என்று காட்டினார்கள். கிராவிட்சா என்ற ஊரின் கிடங்கில் ஆயிரம் பேர் அளவில் அடைத்து வைத்துச் சுட்டார்கள். கையெறி குண்டும் வீசினார்கள். அந்தக் கிடங்கின் சுவரில் 1996-இல்கூட ரத்தமும் திசுவும் வெடிமருந்து மிச்சமும் ஒட்டியிருந்தன. அங்கிருந்து கொண்டுபோன உடல்கள் கிடந்த குழிகளில் கட்டிட இடிபாடும் கதவுச் சட்டத்தின் துண்டும் சேர்ந்தே கிடைத்தன.

தங்கை மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அந்த எலும்பெல்லாம் அவங்களுதுதான்னு எப்படிச் சொல்றீங்க? காணாமப் போனவங்க பட்டியலே பொய்யாம். பாதிப்பேர் ஓட்டுப் போட்டிருக்காங்களாம்" என்றான்.

இதற்கும் பதில் உண்டு. செஞ்சிலுவைச் சங்கத்தின் காணாமல்போனோர் பட்டியலை, ஹெல்கே புருன்போர்க் என்ற நார்வே மக்கள்தொகை ஆய்வாளர் 1991 மக்கள்தொகைக் கணக்கோடும் போருக்குப் பிந்தைய வாக்காளர் பட்டியலோடும் ஒப்பிட்டார். காணாமல்போனோர் பட்டியலிலும் வாக்காளர் பட்டியலிலும் சேர்ந்து இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களே. அதைவிடப் பெரிய பதில் ரத்தத்திலிருந்து வந்தது. காணாமல்போனவர்களின் தாய், தந்தை, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று 22,000-க்கும் மேற்பட்டோர் ஊசி முனையில் விரலைக் கொடுத்தார்கள். எலும்பிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை அந்த ரத்தத்தோடு கணினி பொருத்திப் பார்த்தது. ஆய்வகத்தில் இருப்பவருக்குப் பெயர் தெரியாது, மதம் தெரியாது. அவர் கையில் இருப்பது பார்கோடு ஒட்டிய குழாய் மட்டும். 2001 நவம்பரில் முதல் பொருத்தம் வந்தது, ஒரு பையனுக்கு. இன்றைக்கு அந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட 7,000.

அப்போதுதான் இயந்திரங்கள் செய்த காரியத்தின் முழு அளவும் தெரிந்தது. ஒரே மனிதரின் தொடை எலும்பு ஒரு குழியில், மண்டை ஓடு பல கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குழியில். சிலருக்கு நான்கைந்து குழிகளில். தாய்மார்களிடம் போய், 'இப்போது கிடைத்ததை அடக்கம் செய்கிறீர்களா, மீதியும் வரட்டும் என்று காத்திருக்கிறீர்களா?' என்று கேட்க வேண்டிய வேலை துஸ்லாவில் இருந்த டாக்டர்களுக்கு. நான் பல வீட்டு வாசலில் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை மட்டும் கேட்டிருக்க முடியுமா என்று தெரியவில்லை. எட்டாயிரம் என்பதை மறுக்கிறவர்களுக்கு இந்தச் சிதறல் வசதியாகத் தெரிந்தது. எலும்புக்கூடு சிதறிக் கிடப்பதால் எண்ணிக்கை குழம்பும் என்று நினைத்தார்கள். டி.என்.ஏ. அந்தச் சிதறலையே சாட்சியாக்கிவிட்டது. பிரான்யேவோவில் பாதி, சான்சாரியில் மீதி என்று கிடக்கிற ஒரு மனிதர், இரண்டு குழியையும் தானே முடிச்சுப் போட்டுவிடுகிறார்.

மறுப்பவர்கள் அறிவியல் பேசுவது புதிது கிடையாது. 1988-இல் ஃப்ரெட் லூக்டர் என்ற அமெரிக்கர் போலந்தின் அவுஷ்விட்ஸ் முகாமுக்குப் போய், நச்சுவாயு அறைகளின் சுவரை உளியால் பெயர்த்துத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, பாஸ்டன் பக்கத்து ஆய்வகம் ஒன்றில் கொடுத்தார். எங்கே எடுத்தது என்று சொல்லவில்லை. சயனைடு மிகக் குறைவு, ஆகவே அங்கே யாரையும் கொல்லவில்லை என்று அறிக்கை எழுதினார். பிறகு அந்த ஆய்வகத்து வேதியியலாளரே விளக்கினார்: சயனைடு செங்கல்லில் மேற்பரப்பைத் தாண்டி, ஒரு முடியின் தடிமனுக்கும் குறைவாகத்தான் இறங்கும். கட்டைவிரல் அளவுத் துண்டை அப்படியே அரைத்தால் நீர்த்துப்போகாமல் என்ன செய்யும்? முகாமில் துணியிலிருந்த பேனைக் கொல்லவும் இதே விஷம்தான்; பேனுக்குத் தேவைப்படும் அளவில் சிறு பங்கே மனிதனுக்குப் போதும் என்பதும் லூக்டர் கணக்கில் தலைகீழாக இருந்தது. 1994-இல் கிராகோவ் தடயவியல் நிறுவனம் முறையாக மேல்பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோது, வாயு அறை இடிபாடுகளில் சயனைடு இருந்தது. கைதிகள் தங்கிய கொட்டகைகளில் இல்லை. தள்ளி எடுத்த மண் என்று தொடக்கத்தில் சொன்னேனே, கொட்டகைதான் இங்கே அது. லூக்டர் அறிக்கையை நம்பி எழுதிய பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங், தன்னை யூத இனப்படுகொலை மறுப்பாளர் என்றதற்காக அமெரிக்க வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மேல் லண்டனில் வழக்குப் போட்டு, 2000 ஏப்ரலில் தோற்றார். நீதிபதி கிரேயின் தீர்ப்பை வழக்கறிஞர் நண்பர்கள் யாருக்காவது படிக்கக் கொடுங்கள், ருசித்துப் படிப்பார்கள்.

தங்கை மகன் கடைசியாக எடுத்தது புத்திசாலித்தனமான ஆயுதம். "கொன்னாங்கன்னே வெச்சுக்குவோம். ஆனா அது இனப்படுகொலையா மாமா? போர்க்குற்றம்னு சொல்லலாமே. செர்பியர்களையும்தானே கொன்னாங்க."

செர்பியக் கிராமத்தவர்களும் அந்தப் போரில் கொல்லப்பட்டார்கள். 1993 ஜனவரியில் கிராவிட்சாவிலேயே தாக்குதல் நடந்தது. அவர்களுக்கும் கல்லறையும் கண்ணீரும் உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அதைச் சொன்னதால் சான்சாரிக் குழியிலிருந்து ஒரு எலும்பும் இடம் மாறாது. இனப்படுகொலை என்ற முடிவுக்கு வருவது டாக்டரின் வேலை கிடையாது. எலும்பு, எப்படிச் செத்தார் என்று சொல்லும். கொன்றவன் மனதில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. அதை நீதிமன்றம் மற்றவற்றிலிருந்து எடுக்க வேண்டும். பையன்களையும் வயதானவர்களையும்கூட விடாமல் ஆண்களைக் கொன்றது, பெண்களையும் குழந்தைகளையும் ஊரைவிட்டே ஏற்றி அனுப்பியது, உடலைக்கூட உறவுக்குக் கிடைக்காமல் செய்தது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அந்தச் சமூகம் அங்கே மறுபடி தழைக்கக் கூடாது என்ற நோக்கம் இருந்ததாகத் தீர்ப்பாயம் சொன்னது. 2004-இல் மேல்முறையீட்டு அமர்வு அதை உறுதிசெய்தது. 2007-இல் சர்வதேச நீதிமன்றமும் இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது. ம்லாடிச்சுக்கு ஆயுள் தண்டனை. 2021-இல் அது உறுதியானது.

இந்த விவகாரத்தில் என்னை அசரவைப்பது மறுப்பின் தேதிகள்தான். போஸ்னியாவுக்குள் இருக்கும் செர்பியக் குடியரசு என்ற மாகாண அரசு 2002-இல் ஓர் அறிக்கை விட்டது. செத்தவர்கள் பெரும்பாலும் சண்டையில் செத்த படைவீரர்களே, பழிவாங்கலில் கொல்லப்பட்டவர்கள் நூறு பேர் அளவில் என்றது. 2004-இல் அதே அரசு அமைத்த குழு, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதை ஒப்புக்கொண்டு குழிகளின் இடத்தையும் சொன்னது. அரசு மன்னிப்பும் கேட்டது. 2018-இல் அந்த மாகாணச் சட்டமன்றம் கூடி 2004 அறிக்கையைத் தள்ளுபடி செய்தது. இடைப்பட்ட 14 வருஷத்தில் எதிராக ஒரு சான்றும் புதிதாக வரவில்லை. வந்ததெல்லாம் ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. பொருத்தங்கள். 2021 ஜூலையில், இனப்படுகொலையை மறுத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்று, போஸ்னியாவில் அமைதி உடன்பாட்டை மேற்பார்க்கும் சர்வதேச உயர் பிரதிநிதி சட்டம் கொண்டுவந்தார். எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. மறுக்கிறவனைக் கூண்டில் ஏற்றி, 'அப்படியானால் பச்சைக் கண்ணாடி அங்கே வந்தது எப்படி?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது மேல். ஒரு பொருளை மட்டும் தட்டிவிட அனுமதிக்காதீர்கள். கண்கட்டு, கடிகாரம், டீசல் உத்தரவு, கண்ணாடி, ரத்தம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கதை சொல்லச் சொல்லுங்கள். தங்கை மகனிடம் அதைத்தான் கேட்டேன். "படிச்சிட்டு வர்றேன் மாமா" என்று போயிருக்கிறான். படிக்கட்டும்.

இன்னும் ஏறத்தாழ ஆயிரம் பேர் கிடைக்கவில்லை. 1995 இலையுதிர் காலத்தின் இரவுகளில் லாரி ஓட்டியவர்களும் இயந்திரம் இயக்கியவர்களும் எல்லோரும் செத்துப்போயிருக்க மாட்டார்கள். மீதிக் குழிகள் எங்கே என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வாயைத் திறக்க வேண்டும்.